கல்யாணத்துக்கு வாங்கின மெத்தையா? மாற்றும் நேரம் வந்தாச்சானு கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டு மெத்தைக்கு என்ன வயசு என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று பதில் வராது. கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்று கேட்டால் வந்துவிடும். சீர்வரிசையில் கட்டில், பீரோவோடு வந்த மெத்தைதான் இன்னமும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதுசு வாங்கினாலும் பழசைத் தூக்கிப் போட மனசு வராது. அது தாத்தா, பாட்டி அறைக்குப் போய்விடும்.

அப்போ மெத்தையை எப்போதான் மாத்தணும்?

வயசு மட்டும் போதாது

பொதுவாக ஒரு மெத்தைக்கு 7 முதல் 10 ஆண்டுகள் என்று சொல்வார்கள். இது தோராயக் கணக்குதான். ஒருவர் படுக்கும் மெத்தையும், மூன்று பேர் படுத்து குழந்தைகள் குதிக்கும் மெத்தையும் ஒரே மாதிரி தேயாது. அதனால் வயசோடு சேர்த்து, கீழே உள்ள அறிகுறிகளையும் பாருங்க.

1. நடுவில் பள்ளம்

மெத்தையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரு கயிறை இழுத்துப் பிடியுங்க. யாரும் படுக்காத நேரத்திலேயே கயிறுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒன்றரை இன்ச்சுக்கு மேல் இடைவெளி இருந்தால், மெத்தை அமுங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அவசரப்படாதீங்க. மெத்தையைத் தரையில் போட்டு மறுபடி பாருங்க. பள்ளம் காணாமல் போனால் பிரச்னை கட்டில் பலகையில்தான். பலகையை மாற்றினாலே போதும்.

2. காலையில் மட்டும் முதுகுவலி

எழுந்ததும் வலி, கொஞ்சம் நடமாடியதும் குறைகிறது, வேறு வீட்டில் படுத்தால் வலியே இல்லை என்றால் மெத்தையைச் சந்தேகப்படலாம். அமெரிக்காவில் 59 பேரின் பழைய மெத்தைகளை மாற்றிப் பார்த்த ஓர் ஆய்வில், புது மெத்தைக்கு மாறிய 28 நாட்களில் தூக்கமும் முதுகு வலியும் மேம்பட்டது தெரியவந்தது. அவர்களின் பழைய மெத்தைகளின் சராசரி வயசு ஒன்பதரை ஆண்டு.

'கட்டாந்தரையில் படுத்தால் சரியாகிடும்' என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வு 2003-ல் லான்செட் இதழில் வெளியானது. அதில் ரொம்ப கெட்டியான மெத்தையைவிட, நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போவது போன்றவை இருந்தால் மெத்தைக் கடைக்கு அல்ல, உடனே டாக்டரிடம் போகணும்.

3. தும்மல், வாடை, கருப்புப் புள்ளி

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் அருகே உள்ள திருப்புலிவனம் போல ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்களில், ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளும் ஈரம் ஏறும். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளுக்கு இந்த ஈரம் ரொம்பப் பிடிக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அவற்றின் சாப்பாடு. காலை எழுந்ததும் தும்மல், மூக்கடைப்பு, வீசிங் அதிகமானால் முதலில் விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்க. வெயில் அடிக்கும் நாளில் மெத்தையைக் காய வையுங்க.

கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தாலோ, வெள்ள நீரில் முழுசாக ஊறியிருந்தாலோ காய வைத்துப் பயன்படுத்த வேண்டாம். மாற்றுவதுதான் பாதுகாப்பு.

மூட்டைப்பூச்சிக்காக வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மெத்தையில் தெளிப்பது ரொம்ப ஆபத்து. ராத்திரி முழுக்க அந்த விஷத்தின் மேலேயே படுத்திருக்க வேண்டியிருக்கும்.

எந்த மெத்தையைச் சரி பண்ணலாம்?

இலவம்பஞ்சு மெத்தை என்றால் தூக்கிப் போட வேண்டியதே இல்லை. பிரித்து, கட்டி தட்டிய பஞ்சை அடித்து, குறைந்த அளவுக்குப் புதுப் பஞ்சு சேர்த்து, புதுத் துணியில் தைத்தால் மெத்தை புதுசு மாதிரி ஆகிவிடும். பூஞ்சை பிடித்த பஞ்சை மட்டும் திரும்பச் சேர்க்கக் கூடாது. தேங்காய் நார், ஃபோம், ஸ்ப்ரிங் மெத்தைகள் அமுங்கிவிட்டால் வீட்டில் சரி செய்ய முடியாது.

பழசு தாத்தா பாட்டிக்கா?

இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, பள்ளம் விழுந்த மெத்தையில் இடுப்பிலும் குதிகாலிலும் அழுத்தம் சேர்ந்து படுக்கைப் புண் வரலாம். சர்க்கரை நோய் இருந்தால் அது ஆறுவதும் கஷ்டம். வீட்டில் நல்ல மெத்தை ஒன்றுதான் இருக்கிறது என்றால், அது அவர்களுக்குத்தான் முதலில் போகணும். எழுந்திருக்கவே முடியாதவர்களுக்கு ஏர் பெட் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்க. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் ஊழியர்களிடமும் கேட்கலாம்.

போகியில் எரிக்காதீங்க

பழைய ஃபோம் மெத்தை எரிந்தால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு போன்ற நச்சு வாயுக்கள் வரும். ஏரிக்கரையில் போட்டால் மட்காமல் கிடக்கும். உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் சொல்லி ஒப்படையுங்க. ஸ்ப்ரிங் மெத்தையின் கம்பியைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

புது மெத்தை வாங்கினால், வாங்கிய மாதத்தையும் வருஷத்தையும் அதன் அடிப்பக்கத்தில் மார்க்கரில் எழுதி வையுங்க. அடுத்த முறை கல்யாண ஆல்பத்தைத் தேட வேண்டியிருக்காது.