ஓலையில் இல்லாத இடைவெளி

மார்கழி விடியலில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் அம்மாச்சி திருப்பாவை பாடிக்கிட்டே வரும். நான் அச்சுப் புத்தகத்தை வைத்துத் திருத்துவேன்.

"இங்க இடம் விட்டிருக்கு அம்மாச்சி, நீ சேத்துப் பாடுற."

"அது அச்சடிச்சவன் விட்ட எடம்யா. நான் மூச்சு விடுற எடம் வேற."

பல வருடம் கழித்து, வேலைக்காக ஜெட்பிரெயின்ஸின் எம்பிஎஸ் மென்பொருளைப் படித்தபோதுதான் அந்தப் பதில் புரிந்தது. எம்பிஎஸ் நிரலை எழுத்து வரிசையாகச் சேமிப்பதில்லை, மரமாகச் சேமிக்கிறது. திரையில் தெரியும் இடைவெளி, உள்தள்ளல், புதுவரி எதுவும் அந்த மரத்தில் கிடையாது. 'இதைப் புதுவரியில் காட்டு, இதன் பிள்ளைகளை உள்ளே தள்ளு, அரைப்புள்ளிக்கு முன்னால் இடம் விடாதே' என்று காட்சி விதிகளைத் தனியாக எழுத வேண்டும். ஒரே மரத்துக்கு இரண்டு விதி எழுதினால் இரண்டு தோற்றம்.

ஓலைச்சுவடியும் கிட்டத்தட்ட இப்படித்தான். சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் அதில் இல்லை. புள்ளிகூடப் பெரும்பாலும் இருக்காது. பாசுரத்தின் எட்டு அடியும் ஓலையின் ஓரம்வரை ஒரே ஓட்டமாக ஓடும். ஒரு வித்தியாசம் உண்டு: எம்பிஎஸ்ஸில் மரம் கோப்புக்குள் இருக்கிறது, சுவடியில் அது படிப்பவர் தலைக்குள் இருக்கிறது. 'வேங்கை' என்று எழுதியிருந்தால் அது மேற்குமலைப் புலியா, 'வேம் கை' என்று பிரிந்து வேகின்ற கையா? இலக்கணம் இதைப் பொதுமொழி என்கிறது. இடம் விடுகிறவர் பொருளையும் தீர்மானித்துவிடுகிறார்.

1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தபோது இந்தத் தீர்மானங்களையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளைக் கொண்டுவந்தார். சாதாரண வாசகருக்குப் பழைய இலக்கியத்தின் கதவு திறந்தது. ஆனால் சீர் பிரித்தால் ஓசை நிற்கும், சொல் பாதியில் உடையும். சொல் பிரித்தால் பொருள் தெளியும், தளை தட்டும். காகிதம் ஒரு தோற்றத்தைத்தான் தாங்கும். நாம் அதையே மூலம் என்று நம்பிவிடுகிறோம். நானும் நம்பித்தான் அம்மாச்சியைத் திருத்தினேன்.

அம்மாச்சி இப்போது இல்லை. அந்தப் புத்தகத்தில் அது மூச்சு விட்ட இடங்களை நினைவிலிருந்து பென்சிலால் குறித்துப் பார்க்கிறேன். முப்பதில் மூன்று பாசுரம்கூட முழுசாகத் தேறவில்லை.