பாட்டியின் கம்பளியும் பேத்தியின் படப்புத்தகமும்

எமது கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அதிபர்களின் படங்களும் பரிசளிப்பு விழாப் படங்களும் நிறைய இடம்பெறும். அவற்றோடு எமது வீடுகளின் வரலாற்றுக்கும் சிறிது இடம் வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஆரம்பப் பிரிவில் நான் கற்பித்த நாட்களில், தரம் மூன்று பிள்ளைகளைக் குடும்ப மரம் வரையச் சொன்னேன். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி வரை வரைந்தார்கள். அதற்கு மேல் பெரும்பாலான தாள்கள் வெறுமையாகவே இருந்தன. “பாட்டியோட அம்மா பேரு என்ன டீச்சர்?” என்று ஒரு சிறுமி என்னிடமே கேட்டாள். அன்றிரவு என் மரத்தை நானே வரைந்து பார்த்தேன். எனக்கும் பாட்டியோடு நின்றுவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த எம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்கள் செக்ரோலில் ஏறின. அது கூலி போடுவதற்கான புத்தகம். யாருக்கு யார் மகள், எந்த ஊர் என்பதெல்லாம் லயத்து வாசலில் பேசும் பேச்சில் மட்டுமே தங்கின.

பின்னர் ஒரு நாள் சட்டமே வம்சத்தைக் கேட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பத்திரம் இல்லாத எமது மக்கள் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அக்கா ஒரு கரையிலும் தங்கை மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே தீர்வு கிடைத்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் கேட்டது தகப்பனையும் பாட்டனையும் பூட்டனையும்தான். பாட்டி எங்கே பிறந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் குடும்பத்தின் கதை அவளிடம்தான் இருந்தது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து மலைப் பாட்டிலும் அவள் அதைச் சொன்னாள். அச்சில் வந்தது மிகக் கொஞ்சம். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தோட்டத்து மக்களின் நிலையைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார்; 1940 இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவை பெரியவர்கள் படிப்பவை. சிறு பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

எமது நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1956 இல் குடை திருடனின் கதையை எழுதி வரைந்த சிபில் வெத்தசிங்க, காலிக்கு அருகே கிந்தோட்டையில் கழிந்த தம் சிறுபராயத்தையும் பிற்காலத்தில் தனி நூலாக்கினார். அமெரிக்காவில் பட்ரீசியா பொலாக்கோ 1988 இல் ஒரு படப்புத்தகம் வெளியிட்டார். ருஷ்யாவிலிருந்து வந்த குடும்பத்தார் தம் பழைய உடுப்புகளை ஒட்டுத்துணிப் போர்வையாகத் தைக்கிறார்கள். அது தாயிடமிருந்து மகளுக்கு என நான்கு தலைமுறை கைமாறுகிறது. படங்கள் எல்லாம் கரிக்கோட்டில் இருக்க, போர்வை மட்டும் வண்ணத்தில் இருக்கும்.

அதைப் பார்த்ததும் என் பாட்டியின் கம்பளிதான் ஞாபகத்துக்கு வந்தது. தோட்டத்தில் கம்பளி கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். மழையில் அதைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்தாள். இரவில் அதுவே எங்களுக்குப் போர்வை. அவள் போன பிறகு அம்மா அதை மடித்து வைத்திருந்தார். பாட்டியின் தாய் பெயரை எவரும் கேட்டு வைக்கவில்லை. கம்பளி மட்டும் மிஞ்சியது.

கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், லயம் ஒன்றிலேயே தேயிலைத் தொழிலாளர் அரும்பொருளகம் இருக்கிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் கதையை நீங்கள்தான் எழுதவேண்டும்.

எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைத்த முதல் தலைமுறைப் பெண்கள் எம்மில் பலர். ஹட்டனில் இருந்தாலும், கொழும்பில் இருந்தாலும், கடல் கடந்திருந்தாலும், வீட்டில் மூத்தவர் இருந்தால் இந்த விடுமுறையிலேயே அருகில் அமர்ந்து கேளுங்கள். பன்னிரண்டு பக்கம் போதும். நீங்கள் எழுதுங்கள், பிள்ளை வரையட்டும். ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள். முதல் பக்கத்தில் பாட்டியின் தாய் பெயர் இருக்கட்டும்.