முந்திரி, காணி, மா: திண்ணைப் பள்ளிக்கூடத்து நினைவுக்கலை

போனைப் பார்க்காம உங்களால எத்தனை பேரோட நம்பரைச் சொல்ல முடியும்? மனசுக்குள்ள எண்ணிக்கோங்க. இன்னிக்கு எபிசோட் ஞாபகம் பத்தினது.

உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகிற வழியில் மங்கலம்பேட்டை வரும். இப்போ அது கடலூர் மாவட்டம். 200 வருஷத்துக்கு முன்னாடி இந்த வட்டாரம் முழுக்க தென்னார்க்காடு. 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, உங்க மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கு, யார் யார் படிக்கிறாங்கன்னு கலெக்டர்கள்கிட்ட கணக்குக் கேட்டார். தென்னார்க்காட்டிலிருந்து போன பதில்: 875 பள்ளிகள். மாகாணம் முழுக்க 12,498.

இதில் தமிழ் ஊர்களில் இருந்தவற்றைத்தான் திண்ணைப் பள்ளிக்கூடம் என்கிறோம். ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, மணல், கொஞ்சம் ஓலைச்சுவடி. அச்சடித்த பாடப்புத்தகம் கிடையாது. அப்போ படிச்சதெல்லாம் எங்கே இருக்கும்? பையனோட தலைக்குள்ளதான்.

"அதான் தெரியுமே, மனப்பாடம்!"னு நினைப்பீங்க. கொஞ்சம் பொறுங்க. உள்ளே போய்ப் பார்த்தால், அங்கே நாலு உத்திகள் இருந்தது தெரியும்.

முதல் உத்தி: பேரிலேயே கணக்கு

அங்கே படித்தவை பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து. பெயரைக் கேட்டாலே புரியும்: பணம், நெல் அளவு, வாய்ப்பாடு, நிலத்தின் பரப்பு. இதில் பயமுறுத்துவது பின்னங்கள். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. காணி 80-ல் ஒரு பங்கு. மா 20-ல் ஒரு பங்கு.

இப்போ ஒரு வேடிக்கை பாருங்க. மாவையும் காணியையும் கூட்டினால் எவ்வளவு? ஒரு மா என்பது நாலு காணி. அதோட ஒரு காணி சேர்த்தால் அஞ்சு காணி, அதாவது 80-ல் 5, சுருக்கினால் 16-ல் 1. அந்தப் பின்னத்தோட பேர் என்ன தெரியுமா? மாகாணி! அரைக்காணி, அரைக்கால், முக்காணி எல்லாமே இப்படித்தான். பேரை ஞாபகம் வெச்சாலே பாதிக் கணக்கு முடிஞ்சுது.

இரண்டாவது: தப்பைக் காட்டிக்கொடுக்கும் தொகை

வாய்ப்பாடு சொல்லி முடித்ததும், அதில் வந்த விடைகளோட கூட்டுத்தொகையையும் சொல்லணும். ஏழாம் வாய்ப்பாட்டை 7-லிருந்து 70 வரை கூட்டினால் 385. நடுவில் ஒரு எண் தவறினாலும் கடைசித் தொகை உதைக்கும். இன்னிக்கு கம்ப்யூட்டரில் செக்சம்னு சொல்றதோட அடிப்படையும் இதுதான்.

மூன்றாவது: கை, காது, வாய்

எழுத்தை மணலில் விரலால் எழுதும்போதே வாயால் சொல்லணும். பெரிய பையனான சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் ராகமாகச் சொல்வார்கள். மெட்ராஸில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கிட்டார். மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முறையையும் அங்கே நடத்திப் பார்த்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். இங்கிலாந்தில் அதுக்குப் பேரே 'மெட்ராஸ் முறை'.

நான்காவது: ராத்திரி தாண்டணும்

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். உ.வே.சாமிநாதையர் தான் படித்த காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதியிருக்கார். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது, வாத்தியார் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர் என்று ஏதாவது பேர் சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறக்காமல் வந்து சொல்லணும்.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தாங்க. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்களைவிட, மூடி வெச்சுட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு அதிகம் ஞாபகம் இருந்தது. நம்ம வாத்தியார் அந்தப் பையன்களைத் தினமும் செய்ய வெச்சதும் அதைத்தான்.

யாருடைய ஞாபகம்?

இதை வெறும் பெருமையா முடிச்சுட முடியாது. திண்ணையில் பிரம்பு தாராளமாகப் பேசியது. மன்றோ கணக்கில் மாகாணம் முழுக்க 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இடமே இல்லை.

இது ஏன் பெரிய விஷயம்? களத்தில் நெல் அளக்கும்போது மாகாணியும் அரைக்காணியும் மனக்கணக்காகத் தெரிந்தவர் கணக்குப்பிள்ளை. எதிரே கூலிக்கு நிற்கிறவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. அளந்தது சரியா தப்பா என்று கேட்கவே முடியாது. அந்தக் காலத்தில் ஞாபகம் என்பது அதிகாரம். அதைச் சொல்லித்தராமல் விட்டதும் அதே அதிகாரம்தான்.

தோல் மட்டும் மிச்சம்

1854-ல் லண்டனிலிருந்து வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகு, மானியம் வேணும்னா அரசு சொல்லும் பாடம், இன்ஸ்பெக்டர் வைக்கும் பரீட்சை என்று நிலைமை மெல்ல மாறியது. சுதந்திரத்துக்கு அப்புறம் 1957-ல் தசமக் காசு வந்தது; அடுத்தடுத்து மெட்ரிக் அளவுகளும் வந்தன. மரக்காலும் மாகாணியும் புழக்கத்திலிருந்து போயின.

மனப்பாடம் மட்டும் போகவில்லை. திண்ணையில் ஒப்பித்த பின்னம் மறுநாளே களத்தில், கடையில், நிலத்தில் உதவியது. நாம ஒப்பிச்சது பரீட்சை ஹாலோட முடிஞ்சுது. பழத்தை விட்டுட்டு தோலை மட்டும் வெச்சுக்கிட்டோம்.

பழத்தைத் திரும்ப எடுக்கப் பெரிய செலவில்லை. புதுசா ஒண்ணு படிச்சா, புத்தகத்தை மூடிட்டு வாயால சொல்லிப் பாருங்க. ஒரு ராத்திரி தாண்டி மறுபடி சொல்லுங்க. தப்பு தெரியற மாதிரி உங்களுக்குன்னு ஒரு கூட்டுத்தொகை வெச்சுக்கோங்க. முக்கியமா, அந்த வாரமே அதை எங்கேயாவது பயன்படுத்துங்க. தெரிஞ்சதை இன்னொருத்தருக்குச் சொல்லியும் கொடுங்க. திண்ணையில் உட்காரவிடாத பிள்ளைகளுக்கு நாம தீர்க்க வேண்டிய பாக்கி அது.

சரி, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: மாகாணின்னா எத்தனையில் ஒரு பங்கு? மேலே போய்ப் பார்க்காதீங்க. நாளைக்குக் காலையில் யாருக்காவது சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.