ஒரே மாத்திரை, இரண்டு விலை

ஆரணிப் பட்டு என்றதும் நமக்கு ஜரிகைதான் ஞாபகம் வரும். களம்பூர், ஆரணி வட்டாரத்தில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களைக் கேட்டால் இடுப்பு வலியைச் சொல்வார்கள்! கால்கள் குழிக்குள் மிதியில், முதுகு முன்னால் வளைந்து, நாள் முழுக்க அதே இருப்பு. இந்தத் தொழிலில் வலி மாத்திரை என்பது ஒரு நாள் செலவல்ல, மாதச் செலவு.

அந்த மாத்திரையில்தான் ஒரு வேடிக்கை. டைக்ளோஃபெனாக் ஒரு கம்பெனி பெயரில் ஒரு விலை, இன்னொரு கம்பெனி பெயரில் வேறு விலை. உள்ளே மருந்தும் ஒன்று, மில்லிகிராமும் ஒன்று. இது எப்படி வந்தது?

சுதந்திரம் வந்த பிறகும் இந்தியாவில் 1911-ஆம் ஆண்டின் வெள்ளைக்காரன் காலத்துக் காப்புரிமைச் சட்டமே இருந்தது. உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே சொன்னது. ஏழை நாட்டில் இந்த விலை! சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால ஐயங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கை, காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டார் கையில் இருப்பதையும், அவற்றில் பல இங்கே தயாரிப்புக்கே வராததையும் எடுத்துக் காட்டியது. அதன் வழியில் வந்ததுதான் 1970 சட்டம். 1972-இல் அமலானது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. வேறு வழியில் அதே மருந்தைத் தயாரிக்க யாரும் இறங்கலாம். இறங்கினார்கள், விலையும் இறங்கியது. (2005-இல் பொருள் காப்புரிமை திரும்பி வந்தது. பழைய வலி மருந்துகளை அது தொடவில்லை.)

ஆனால் கம்பெனிகள் பெருகியதும் பெயர்களும் பெருகின. 1975-இல் ஹாத்தி குழு வியாபாரப் பெயர்களையே படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. பிறகு அரசு முதல் கட்டமாக ஐந்து மருந்துகளைத் தேர்ந்தெடுத்தது. அதில் இரண்டு வலி மருந்துகள்: ஆஸ்பிரின், அனால்ஜின். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, திட்டம் படுத்துவிட்டது.

பெயரில்லாமல் மருந்து வாங்க முடியும் என்று காட்டியது தமிழ்நாடுதான். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் சேர்த்து மூலப்பெயரில் டெண்டர் விட்டது. சரக்கு வந்ததும் ஆய்வகச் சோதனை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அந்தக் கணக்குக்குள் எடுத்துக்கொள்ள வேண்டியது. காமர்ஸ் பாடத்தில் வரும் மொத்தக் கொள்முதல்தான்! பிற மாநிலங்களும் பிறகு இதைப் பின்பற்றின. ஆரணி அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால் அங்கே வரிசையில் நின்றால் அன்றைய நெசவு போச்சு. அதனால்தான் பலரும் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள்.

கடை விலைக்கும் கடிவாளம் உண்டு. 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் ஒரு சதவீதமாவது பங்குள்ள கம்பெனிகளின் சராசரி விலை, அதோடு கடைக்காரருக்கு 16 சதவீதம், இதுதான் உச்ச விலை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும்! டைக்ளோஃபெனாக் அந்தப் பட்டியலில் உண்டு. அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை இல்லை. கூட்டு மாத்திரைகள் ஏன் இவ்வளவு என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மலிவுக் கடைகளும் வந்தன. 2008-இல் மத்திய அரசின் ஜன் ஔஷதி, 2014-இல் அம்மா மருந்தகம், 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள். எல்லாம் சரி, சீட்டில் கம்பெனி பெயர் இருந்தால்? டாக்டர் சீட்டு தேவைப்படும் மருந்துகளில், எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்கிறது மருந்து விதி 65. உள்ளே அதே மருந்து இருந்தாலும் கூடாது! வாங்குகிறவர் பணம் கொடுக்கிறார், தேர்ந்தெடுப்பவர் வேறொருவர். எந்த தேவை வளைகோட்டில் இதை வரைவது?

மூலப்பெயரில் எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் 2016-இல் திருத்தியது. தேசிய மருத்துவ ஆணையம் அதையே கடுமையாக்கி 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. மருத்துவர் சங்கம் எதிர்த்தது. அதே மாதம் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.