செய்தித்தாளில் வந்த எண்

அப்போது எங்கள் ஊரில் பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்துவிடும். நான் 1976-ல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். முடிவு செய்தித்தாளில்தான் வரும். பெயர் இருக்காது, தேறியவர்களின் பதிவெண்கள் மட்டும் பொடி எழுத்தில், வரிசை வரிசையாக. பஸ்ஸிலிருந்து பேப்பர் கட்டு இறங்கியதும் டீக்கடை பெஞ்சில் பத்துத் தலைகள் ஒன்றாகக் குனியும். என் எண்ணைக் கண்ட அப்பா அதன்மேல் வைத்த விரலை நெடுநேரம் எடுக்கவில்லை. எண் வராதவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்தது புகுமுக வகுப்பு. ஒரே வருடம்தான், ஆனால் கல்லூரியில் படிக்க வேண்டும்; கல்லூரியோ வெளியூரில். என்னை விடுதியில் சேர்த்தார்கள். என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்ட வகுப்புத் தோழி வீட்டோடு நின்றுவிட்டாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

1978-ல் புகுமுக வகுப்புக்குப் பதிலாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் பிளஸ் டூ வந்தது. பாடத்திட்டம் கடினமா என்றுதான் பெரியவர்கள் வாதாடினார்கள். எங்களைப் போன்ற ஊர்களுக்கு அது பஸ் கட்டணமும் விடுதிச் செலவும் மிச்சமான சேதி. எங்கள் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியானபோது, தோழியின் தங்கை அதே சிமெண்ட் வராந்தாவில் இன்னும் இரண்டு வருடம் படித்தாள். அவள் எண் பேப்பரில் வந்த அன்று, அக்காதான் முதலில் தேடிக் கண்டுபிடித்தாள்.