கல்நாரும் அண்டைச் செல்களும்

சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளில் உள்ள டூனைட்டும் அதன் உறவுப் பாறைகளும் உலகின் வேறு சில இடங்களில் மாறுதலுற்றுக் கல்நாரைத் தந்திருக்கின்றன. ஆயினும் இச்சமவெளி மக்கள் கல்நாரை அறிந்தது கூரையாகத்தான். நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் திருச்செங்கோட்டுத் தறிக்கூடங்களிலும் 'ஆஸ்பெஸ்டாஸ் சீட்'; பழைய லாரிகளின் பிரேக் லைனிங்கிலும் அதே இழை.

அவ்விழையின் வரலாற்றில் 1960 ஒரு திருப்பம். நுரையீரலின் உறைச்சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய்க்கு ஆளான 33 பேரைத் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவர் சகாக்களும் பதிவுசெய்தனர். அவர்களுள் சிலர் கல்நார்ச் சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாதவர்கள்; அதனருகே வாழ்ந்தவர்கள், அவ்வளவே. நோயை அறிய அண்டையையும் எண்ணவேண்டும் என்று அப்பட்டியல் கற்பித்தது.

உடலுக்குள்ளும் இதே பாடம்தான். லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, புற்று பரவுவதை வித்து மட்டுமன்றி நிலமும் தீர்மானிக்கிறது என்று 1889இல் எழுதினார். மரவள்ளிக் கரணை ஊன்றுகிற உழவருக்கு இது புதிதன்று. மருத்துவமோ அடுத்த நூறாண்டின் பெரும்பகுதியை வித்தை ஆராய்வதிலேயே கழித்தது. 1986இல் ஹரால்ட் ட்வோராக், புற்றுக்கட்டியை ஆறாத புண்ணுக்கு ஒப்பிட்டபோது பார்வை மீண்டும் நிலத்தின்பால் திரும்பியது.

புண்ணை ஆற்றுவதில் பெரும்பங்கு ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார்ச்செல்களுக்கு உண்டு. இவை இணைப்புத்திசுவைச் சேர்ந்தவை. சவ்வில் தங்கிவிட்ட கல்நார் இழையை உடலால் அகற்ற இயலாது. அழற்சி பல பத்தாண்டுகள் நீடிக்கிறது. அங்கே புற்று முளைத்தால், செப்பனிட வந்த செல்களே அதற்கு ஏவல் செய்யத் தொடங்குகின்றன. ஜப்பானின் கனசாவா ஆய்வாளர்கள் 2011இல் இந்தக் கொடுக்கல் வாங்கலை எடுத்துக்காட்டினர்: புற்றுச்செல் சுரக்கும் புரதங்கள் நார்ச்செல்லைத் தூண்டுகின்றன, நார்ச்செல் பதிலுக்கு எச்.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து புற்றை வளர்க்கிறது.

கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், பணியில் சேர்ந்தது முதல் குறைந்தது 40 ஆண்டுகள் பேணவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் ஆணையிட்டது. நோய் வெளிப்பட 30, 40 ஆண்டுகள் ஆகக்கூடும் என்பதால் இது இன்றியமையாத ஆணை. ஆனால் அது ஆலைத் தொழிலாளியின் ஏடு. பண்ணைக்குச் சீட் அறுத்தவர், பட்டறையில் லைனிங் தேய்த்தவர், அப்புழுதியில் விளையாடிய பிள்ளை ஆகியோரின் பெயர்கள் அதில் ஏறுவதில்லை. வாக்னரின் பட்டியலில் அத்தகையோருக்கும் இடமிருந்தது.