பட்சி தீர்த்தத்தின் உச்சிவேளை

திருக்கழுக்குன்றத்துக்கு வெளியூர்க்காரர்கள் வேதகிரீஸ்வரரைவிட அந்த இரண்டு பறவைகளுக்காகத்தான் அதிகம் வந்தார்கள் என்றால் ஊரில் கோபிப்பார்கள். ஆனால் அடிவாரத்தில் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருந்த எங்கள் அப்பாவின் வியாபாரம் அந்தக் கணக்கில்தான் ஓடியது. உச்சிவேளைக்குள் ஏறிவிடத் துடிக்கும் கூட்டம், பறவை சாப்பிட்டதும் இறங்கிவிடும்.

பாறைமேல் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருப்பார். பறவைகளுக்கு வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், பின்தலையில் பறட்டை மயிர். இறங்கியதும் சிறகோரக் கறுப்பை மடக்கிக்கொண்டு தத்தித் தத்திக் கிட்டே வரும். கொத்தித் தின்றுவிட்டு அலகைப் பாறையில் தேய்க்கும். மிச்சம் எங்களுக்குப் பிரசாதம். காசியில் குளித்துவிட்டு வருகின்றன, இங்கிருந்து ராமேஸ்வரம் போகின்றன என்பது ஸ்தல புராணம். யுகத்துக்கு ஒரு ஜோடியாம். சம்பாதியும் ஜடாயுவும்கூட அந்த வரிசையில் உண்டு.

அதே பறவை மாட்டுச் சாணத்தைக் கிளறித் தின்பதையும் பார்த்திருக்கிறேன். கடையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியுமா! மஞ்சள்முகப் பாறு என்னும் அந்தக் கழுகுக்குச் சாணமும் செத்த மாடும்தான் அன்றாட ஆகாரம். முகத்து மஞ்சளுக்கான நிறச்சத்தே சாணத்திலிருந்து கிடைக்கிறது என்கிறார்கள் பறவை ஆராய்ச்சியாளர்கள். பொங்கல் ஒரு வேளைதான். மீதி வயிற்றை ஊர் மாடுகள் நிரப்பின.

வழக்கம் பழசு. சதுரங்கப்பட்டினத்தில் துணி வாங்கி விற்ற டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இம்மலை ஏறி, ஒருகல் மண்டபத்தில் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். பல்லவர் குடைந்த கல்லில் கிறுக்கியதை மன்னிக்க மனமில்லை. ஆனால் 1681இலேயே இங்கே பறவைக்குச் சோறிட்டார்கள் என்பதற்கு டச்சுக்காரர் குறிப்புத்தான் சாட்சி. அத்தனை தலைமுறைப் பாறுகளுக்கும் நேரம் தவறாமல் தட்டு வைத்திருக்கிறார்கள். புராணத்தைவிட எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

1990களில் வரத்து நின்றது. கலி முற்றிவிட்டது என்றார்கள். நான் மாட்டு வைத்தியத்தைச் சொல்வேன். வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். இந்தியா 2006இல் மாடுகளுக்கு அதைத் தடை செய்தது. அதற்குள் நாடு முழுக்கப் பாறுகள் சரிந்துவிட்டன, மஞ்சள்முகமும் தப்பவில்லை.

இப்போதும் யாராவது படியேறும்முன் “கழுகு வருமா சார்?” என்று கேட்கிறார்கள். பாறு பார்க்க வேண்டுமானால் முதுமலைப் பக்கம், மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போங்கள் என்கிறேன். பாதிப்பேர் அதற்குமேல் மலை ஏறுவதில்லை.